கம்ப்யூட்டருக்கும் இருப்புக் கணக்கு எடுப்போம்!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பெரியோர் சொல். அந்தச் சொல்லை வாழ்க்கையாகவே கொண்டவன் வணிகன். மூட்டை இறங்கினால் எண்ணுகிறோம். எடை குறைந்தால் அங்கேயே கேட்கிறோம். ஒரு டின் எண்ணெய் கசிந்திருந்தாலும் திருப்பி அனுப்புகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து இருப்பு எடுக்கிறோம். இத்தனை கணக்குப் பார்க்கும் நாம், நம் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டு வைத்திருக்கிறோம்.

நம்மில் பலருக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் என்பது பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் உரியதல்ல. கடையை அடைத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு அன்றைய கொள்முதல் பில்களைப் பதிவு செய்வதும், நிலுவைகளைச் சரிபார்ப்பதும், ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வதும் அதில்தான். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு 3-பி படிவத்தின் கடைசி நாள் அடுத்த மாதம் 20-ஆம் தேதி. அன்றிரவு அவசரமாகப் பொத்தானை அழுத்தினால், கம்ப்யூட்டர் தயாராகவே எட்டு நிமிடம், பத்து நிமிடம் ஆகிறது. தயாரான பிறகும் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தேதி தவறினால், வரி கட்ட வேண்டிய கணக்கானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கூடவே ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

இந்த நிலையில் நமக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "மெஷின் பழசாயிடுச்சு அண்ணாச்சி, புதுசு வாங்கிடுங்க." நாமும் பிள்ளைகள் சொல்கிறார்கள், சர்வீஸ் தம்பி சொல்கிறார் என்று பணத்தை எடுத்து வைக்கிறோம்.

நாம் சொல்ல வருவது இதுதான். பல வீடுகளில் மெஷின் பழசாகவில்லை. மெஷினுக்குள் கூட்டம் கூடிவிட்டது. அழைக்காமல் வந்த புரோகிராம்கள் உள்ளே அமர்ந்துகொண்டு இடத்தையும் நேரத்தையும் தின்கின்றன. அவற்றை எண்ணிப் பார்க்காமல் புதிய கம்ப்யூட்டர் வாங்குவது, கிடங்கில் இருப்பதைப் பார்க்காமல் அதே சரக்குக்கு மீண்டும் ஆர்டர் கொடுப்பது போன்றது. எண்ணிப் பார்க்க வேண்டியதும் சர்வீஸ் தம்பி அல்ல. உடைமைக்கு உரிய நாம்தான்.

எட்டு நிமிடம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். நாளுக்கு எட்டு நிமிடம் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாட்களுக்கு 2,400 நிமிடம். அதாவது 40 மணி நேரம். கூலி கொடுத்து வேலை வாங்குகிற நமக்கு 40 மணி நேரத்தின் மதிப்பு தெரியாததல்ல.

தானாக ஓடுபவை எவை?

கம்ப்யூட்டரில் நாம் திறந்து வேலை செய்பவை டாலி, எக்செல், இன்டர்நெட் பிரவுசர் என்று மூன்றோ நான்கோதான். நாம் திறக்காமல் தாமாகவே திறந்து கொள்பவை வேறு. அவற்றில் சில, பொத்தானை அழுத்தி விண்டோஸ் வந்ததும் கூடவே கிளம்பி வருபவை. இவற்றை ஸ்டார்ட்அப் புரோகிராம்கள் என்பார்கள். இன்னும் சில, திரையில் முகம் காட்டாமலே பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பவை. முதல் வகையால் காலையில் கடை திறக்கத் தாமதம். இரண்டாம் வகையால் நாள் முழுவதும் வியாபாரத்துக்குத் தடை.

தாமதம் ஏன் ஏற்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் ரேம் என்பது நம் கடையின் மேஜை போன்றது. ஹார்ட் டிஸ்க் கிடங்கு போன்றது. வேலை நடப்பது மேஜையில். மேஜை நிரம்பிவிட்டால், விண்டோஸ் சில பொருட்களைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது மீண்டும் எடுத்து வருகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கிடங்குக்கு ஓடி வந்தால் வியாபாரம் என்ன வேகத்தில் நடக்கும்? 4 ஜி.பி. ரேம் உள்ள மெஷினில் விண்டோஸும் பிரவுசரும் மட்டுமே மேஜையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மீதி இடத்தில் பத்துப் புரோகிராம் வந்து உட்கார்ந்தால் டாலிக்கு இடம் ஏது?

சுழலும் தட்டுடைய பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னொரு கஷ்டமும் உண்டு. அதில் எழுதுவதும் படிப்பதும் ஒரு சிறு கரம் அங்குமிங்கும் நகர்ந்து செய்யும் வேலை. பதினைந்து புரோகிராம்கள் ஒரே நேரத்தில் "எனக்குக் கொடு, எனக்குக் கொடு" என்று கேட்டால் அந்தக் கரம் எத்தனை பக்கம்தான் ஓடும்?

எப்படி வந்தது இந்தக் கூட்டம்?

டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் பழகியவர்களுக்கு நினைவிருக்கும். 'ஆட்டோஎக்ஸெக்.பேட்' என்று ஒரு சிறிய ஃபைல் இருந்தது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது என்னென்ன ஓட வேண்டும் என்பது அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். வேண்டாத வரியை அடித்துவிடலாம். அப்போது புரோகிராம்களுக்குக் கிடைத்த அடிப்படை இடம் 640 கே.பி.தான். இன்றைய 4 ஜி.பி. என்பது அதைப் போல 6,500 மடங்குக்கும் மேல். இடம் சிறியதாக இருந்ததால் எதை உள்ளே விடுவது என்று பார்த்துப் பார்த்து விட்டார்கள்.

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் 'ஸ்டார்ட்அப்' என்று ஒரு பகுதி வந்தது. அதில் எதைப் போட்டாலும் தானாகத் திறக்கும். அதுவரைக்கும் கூடக் குற்றமில்லை; அங்கே என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 1995-இல் விண்டோஸ் 95 வந்தபின் 'ரெஜிஸ்ட்ரி' என்ற உள்ளறையிலும் இந்தப் பட்டியல் எழுதப்படலாயிற்று. அதற்குப் பிறகு 'சர்வீஸ்' என்றும் 'ஷெட்யூல்டு டாஸ்க்' என்றும் வேறு வாசல்களும் சேர்ந்துகொண்டன. ஒரு வாசல் இருந்த கடைக்கு நான்கு வாசலாகி, அவற்றில் மூன்று முதலாளிக்கே தெரியாத கொல்லைப்புற வாசலாகிவிட்டது.

சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஏன் இப்படி முந்திக்கொண்டு உள்ளே வருகின்றன? நம் நன்மைக்காகச் சில வருகின்றன என்பதை மறுக்க முடியாது. வைரஸ் தடுப்பு புரோகிராம் முதலிலேயே வந்து நின்றால்தான் காவல். ஆனால் பெரும்பாலானவை தங்கள் வசதிக்காக வருபவை. நாம் எப்போதாவது திறக்கும்போது 'உடனே திறக்கிறது' என்ற பெயர் வாங்குவதற்காக நாள் முழுதும் காத்திருப்பவை சில. புதிய பதிப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கென்றே தனியாக ஆள் வைத்திருப்பவை சில. சலுகை, சந்தா என்று அடிக்கடி முகம் காட்டுவதற்காக இருப்பவை வேறு சில. அவர்களுக்கு லாபம், இடமும் மின்சாரமும் காத்திருப்பும் நம்முடையவை. கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி நம் கல்லாவுக்குப் பக்கத்தில் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நாம் சம்மதிப்போமா?

பட்டியல் எடுக்கும் முறை

இருப்பு எடுப்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வழி ஒன்றே. கீபோர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீட்டெய்ல்ஸ்' என்பதை அழுத்த வேண்டும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதிதான் நமக்கு வேண்டிய பேரேடு. புரோகிராமின் பெயர், அதை வெளியிட்ட கம்பெனியின் பெயர், இப்போது தானாக ஓட அனுமதி இருக்கிறதா இல்லையா, தொடக்கத்தில் அதனால் எவ்வளவு சுமை என்று நான்கும் பத்தி பத்தியாகக் கிடைக்கும்.

சுமை என்ற இடத்தில் லோ, மீடியம், ஹை என்று போட்டிருக்கும். ஹை என்று கண்டதும் மிரள வேண்டாம். கிளம்பும்போது ஒரு விநாடிக்கு மேல் பிராசசரின் நேரத்தையோ, 3 எம்.பி.க்கு மேல் டிஸ்க்கின் வேலையையோ எடுத்தாலே அதற்கு ஹை என்ற முத்திரை விழுந்துவிடும். அது ஒரு குறிப்புதான்; தீர்ப்பு சொல்ல வேண்டியவர் நாம்.

முதலில் ஒரு தாளை எடுத்து அந்தப் பட்டியலை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். செல்போனில் படம் எடுத்து வைத்தாலும் போதும். பிறகு ஒவ்வொன்றாக மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது என்ன செய்கிறது? இது தினமும் வேண்டுமா? இதை நாமே தேவைப்படும்போது திறந்துகொண்டால் போதாதா? பிள்ளைகள் விளையாட்டுக்காகப் போட்ட ஸ்டீம், பாட்டுக்காகப் போட்ட ஸ்பாட்டிஃபை போன்றவை காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அவற்றின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'டிஸேபிள்' என்று கொடுத்தால் தானாக வருவது நின்றுவிடும். புரோகிராம் அழியாது. பிள்ளைகள் வேண்டும்போது திறந்துகொள்ளலாம். தவறாக நிறுத்திவிட்டாலும் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று நிறுத்தி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, பில் போட்டுப் பார்த்து, பிரின்ட் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

பிரவுசரையும் கவனிக்க வேண்டும். குரோம், எட்ஜ் இரண்டிலும், நாம் மூடிய பிறகும் பின்னணியில் தொடர்ந்து ஓட அனுமதிக்கும் ஒரு வசதி 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. தேவையில்லாதவர்கள் அதை நிறுத்திவிடலாம்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி வந்திருக்கிறது. அது இயங்கும் மெஷினில் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி முழுவதுமாக அணைவதில்லை; மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக அதை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் செய்வது நல்லது.

கை வைக்கக் கூடாதவை

வேகம் வேண்டும் என்பதற்காகக் காவல்காரனையே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. வைரஸ் தடுப்பு புரோகிராமைத் தொட வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தவே வேண்டாம். "அப்டேட்டால்தான் மெஷின் ஸ்லோ" என்று சொல்லி அதை நிறுத்தித் தருவதை ஒரு சேவையாகவே சிலர் செய்கிறார்கள். 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாகிரை' என்ற வைரஸ் உலகைத் தாக்கியது நினைவிருக்கலாம். சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, 300 டாலர் கொடுத்தால் திறப்போம் என்றது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போட்டவர்கள் தப்பினார்கள். ஐந்து நிமிட அப்டேட்டுக்குச் சலித்துக்கொண்டு, பல ஆண்டுப் பேரேட்டைப் பறிகொடுப்பது வணிகனுக்கு அழகல்ல.

நம் தொழிலுக்கே உரிய சில புரோகிராம்களும் பின்னணியில் இருக்கின்றன. பல பில்லிங் சாஃப்ட்வேர்களின் கணக்கு முழுவதும் 'எஸ்.க்யூ.எல். சர்வர்' என்ற பெயரில் ஓடும் சர்வீஸில்தான் இருக்கிறது. பெயர் தெரியவில்லை என்று அதை நிறுத்தினால் மறுநாள் காலை பில் வராது. 'பிரின்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தினால் பிரின்டர் வேலை செய்யாது. கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிவு செய்து, டிஜிட்டல் கையெழுத்தில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வோருக்கு 'எம்சைனர்' வேண்டும். கணக்கு ஃபைல்களை ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் பிரதி எடுத்து வைப்பவர்கள் அவற்றை நிறுத்தினால் பிரதி எடுப்பதும் நின்றுபோகும். ஆகவே 'சர்வீஸ்' என்ற பகுதிக்குள் நாம் போகாமல் இருப்பதே நல்லது. ஸ்டார்ட்அப் பட்டியலோடு நின்றால் போதும். அடியோடு வேண்டாத புரோகிராம் என்றால் 'செட்டிங்ஸ்' வழியாக 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் முறையாக 'அன்இன்ஸ்டால்' செய்துவிடலாம்.

பட்டியலில் கம்பெனியின் பெயரே இல்லாத புரோகிராம் ஒன்று இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் வைரஸ் என்று சொல்ல முடியாது. ஆனால் பெயரில்லாத சரக்கை விசாரிக்காமல் அலமாரியில் அடுக்குவது நம் வழக்கமல்ல. விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம்

இதுவரை சொன்னது நேரத்தைப் பற்றி. இனிச் சொல்வது பணத்தைப் பற்றி. இருப்பு எடுக்கும்போது நாம் முதலில் தேட வேண்டியது, தொலைவிலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம்களைத்தான். எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் போன்றவை இந்த வகை. இவை நல்ல கருவிகளே. பில்லிங் சாஃப்ட்வேரில் சிக்கல் என்றால், சர்வீஸ் செய்பவர் நேரில் வராமல் தன் இடத்தில் இருந்தபடியே சரி செய்துவிட முடிகிறது. நமக்கும் செலவு மிச்சம்.

சிக்கல் எங்கே என்றால், வேலை முடிந்த பிறகும் அந்தப் புரோகிராம் அங்கேயே தங்கிவிடுகிறது. இன்ஸ்டால் செய்து வைத்திருந்தால், கம்ப்யூட்டர் கிளம்பும்போதெல்லாம் அதுவும் கிளம்புகிறது. நிரந்தர பாஸ்வேர்டு ஒன்றும் கொடுத்து வைத்திருந்தால், நாம் எதையும் அழுத்தாமலே, நமக்குத் தெரியாமலே அந்த பாஸ்வேர்டு தெரிந்தவர் உள்ளே வரலாம். சர்வீஸ் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? கல்லாப்பெட்டிச் சாவியைப் பூட்டுப் பழுது பார்க்க வந்தவரிடமே விட்டுவிட்டு யாராவது தூங்கப் போவோமா?

இது வீண் பயமல்ல. எனிடெஸ்க் செயலியைப் போடச் சொல்லி ஏமாற்றி, யு.பி.ஐ. வழியாகக் கணக்கிலிருந்து பணம் எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை செல்போனைக் குறித்தது. பேங்க் கணக்கையும் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டையும் வைத்திருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது பொருந்தாமல் போகுமா? நம் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், கடன் பாக்கி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை.

ஆகவே முடிவாகச் சொல்கிறோம். தொலைவிலிருந்து இயக்கும் புரோகிராம் தேவைப்படும்போது மட்டும் திறக்கப்பட வேண்டும். வேலை முடியும்வரை நாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிந்ததும் மூட வேண்டும். ஸ்டார்ட்அப் பட்டியலிலோ, 'ஆப்ஸ்' பட்டியலிலோ அது நிரந்தரமாக இருக்கக் கூடாது.

சுத்தம் செய்வதாகச் சொல்பவை

"ஒரே கிளிக்கில் கம்ப்யூட்டர் வேகம்" என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்கள் ஏராளம். கூட்டத்தைக் குறைக்க இன்னொரு ஆளை உள்ளே விடுவது என்ன நியாயம்? அந்தப் புரோகிராமே ஸ்டார்ட்அப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு. நற்பெயர் பெற்ற 'சிகிளீனர்' என்ற சுத்தம் செய்யும் புரோகிராமுக்கே 2017-இல் என்ன நேர்ந்தது? விஷமிகள் அதன் கம்பெனிக்குள் புகுந்து, கம்பெனியின் சொந்த முத்திரையோடு வெளிவந்த பதிப்பிலேயே தீங்கான நிரலைச் சேர்த்துவிட்டார்கள். கண்டுபிடிப்பதற்குள் சுமார் 22 லட்சம் பேர் அதைப் போட்டுவிட்டார்கள்.

புதிய கம்ப்யூட்டர் என்றால் சுத்தமானது என்பதும் சரியல்ல. 2014-இல் விற்பனைக்கு வந்த லெனோவோ லேப்டாப்கள் சிலவற்றில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பரப் புரோகிராம் ஃபேக்டரியிலேயே ஏற்றப்பட்டிருந்தது. பேங்க் போன்ற பாதுகாப்பான இணையத்தளங்களின் தொடர்புக்கு நடுவிலும் அது நுழைந்தது. 2015 பிப்ரவரியில் இது வெளியாகிப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2017-இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துடன் அந்தக் கம்பெனி உடன்பாட்டுக்கு வர வேண்டியதாயிற்று. ஆகவே புதுப் பெட்டியைப் பிரித்த அன்றே முதல் இருப்பு எடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு

"நாம் வியாபாரிகள், இன்ஜினீயர்கள் அல்ல, இதையெல்லாம் ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்லலாம். ஆள் வைப்பதில் தவறில்லை. கணக்கு எழுதக் கணக்குப் பிள்ளை வைக்கிறோம். ஆனால் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கத் தெரியாமலா இருக்கிறோம்? பழுது பார்ப்பது அவர் வேலையாக இருக்கட்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நம் வேலை.

"இன்று கம்ப்யூட்டர் விலை குறைந்துவிட்டது, புதிதே வாங்கிவிடலாம்" என்பவர்களும் உண்டு. உண்மையிலேயே மாற்ற வேண்டிய மெஷின்கள் இருக்கின்றன. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் குறைந்தது 4 ஜி.பி. ரேமும், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதியும், அந்தக் கம்பெனி ஏற்றுக்கொண்ட பிராசசரும் வேண்டும். இவை இல்லாத மெஷினில் பேங்க் வேலை செய்வது ஆபத்து. ஆனால் இவையெல்லாம் இருந்தும், வேகம் ஒன்றே குறை என்றால், முதலில் பட்டியலைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் செலவே இல்லை. அதற்கும் சரிப்படாவிட்டால் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமைக் கூட்டிப் பார்க்கலாம். அதற்கும் பிறகுதான் புதியதைப் பற்றி யோசிக்க வேண்டும். பழுது எங்கே என்று தெரியாமல் வாங்கும் புது மெஷினிலும், அதே கூட்டம் ஆறு மாதத்தில் மீண்டும் வந்து சேர்ந்துவிடும்.

நாம் கேட்க வேண்டியவை

தனி மனிதராகக் கேட்டால் காதில் விழாதது, சங்கமாகக் கேட்டால் விழும். பில்லிங் சாஃப்ட்வேர் விற்பவர்களிடமும், கம்ப்யூட்டர் டீலர்களிடமும் நம் உறுப்பினர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, அவர்கள் போடும் புரோகிராம்களில் தானாக ஓடுபவை எவை, அவற்றில் நிறுத்தக் கூடாதவை எவை என்று பில்லோடு ஒரு பட்டியல். இரண்டு, தொலைவிலிருந்து இயக்கும் புரோகிராமை நம் சம்மதம் இல்லாமல் நிரந்தரமாக வைப்பதில்லை என்று எழுத்தில் உறுதி. மூன்று, இலவசம் என்று சொல்லி வேறு எதையும் ஏற்றித் தருவதில்லை என்ற வாக்கு. அரிசி மூட்டையில் எடையும் தரமும் எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் நம்மைக் கேட்கிறது. நாம் பணம் கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரில் என்ன இருக்கிறது என்று நாமும் கேட்பது அதிகப்படியல்ல.

சங்கத்தின் கிளைகளும் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒரு லேப்டாப்பைத் திரையில் காட்டி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எதை வைப்பது, எதை நிறுத்துவது என்று ஒருமுறை காட்டினால் போதும். விவரம் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளையே அழைத்துச் சொல்லச் சொல்லலாம். அவர்களுக்கும் அப்பாவின் தொழிலில் ஒரு பங்கு எடுத்துக்கொண்ட நிறைவு கிடைக்கும்.

வீட்டில் பிள்ளைகளுக்குத் தனிப் பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கிக் கொடுத்துவிட்டு, தொழிலுக்கென நம் பெயரில் பாஸ்வேர்டுடன் ஒரு கணக்கு வைத்துக்கொள்வதும் நல்லது. விண்டோஸில் இந்த வசதி இருக்கிறது. பிள்ளைகளின் கணக்கை 'ஸ்டாண்டர்டு' வகையாக வைத்தால், முழுக் கம்ப்யூட்டரையும் பாதிக்கும் புரோகிராம்களைப் போட நம் பாஸ்வேர்டு வேண்டும். கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் கலக்கக் கூடாது என்பது நம் தொழிலின் முதல் பாடமல்லவா?

மாதம் ஒருநாள், விற்பனை குறைவான ஒரு மாலை, பதினைந்து நிமிடம் போதும். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, எத்தனை புரோகிராம் இருந்தன, எத்தனை நிறுத்தினோம், புதிதாக வந்தவை எவை என்று எழுதி வையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் போடாத பெயர் ஒன்று கூடியிருந்தால், அது எப்படி வந்தது என்று அன்றே விசாரியுங்கள். கிடங்கில் ஒரு மூட்டை குறைந்தால் விசாரிக்கும் நாம், கம்ப்யூட்டரில் ஒரு பெயர் கூடினாலும் விசாரிக்கத்தான் வேண்டும்.